படித்தால் புரிகிற பிரெஞ்சு, படத்தில் ஏன் புரியவில்லை?

கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: வகுப்பில் சேராமல், வேலைக்குப் போய்க்கொண்டே, ஓர் ஆண்டாக ஆப் ஒன்றில் தினமும் பிரெஞ்சு படிக்கிறீர்கள். எளிய பத்தி ஒன்றைக் கொடுத்தால் முக்கால்வாசி புரிகிறது. பிரெஞ்சுப் படம் போட்டால் ஒரு வாக்கியம்கூடப் பிடிபடவில்லை. ஆகவே எந்தப் புத்தகம் வாங்கலாம், எந்தப் படத்தில் தொடங்கலாம், எந்த முறை பலன் தருவது உறுதி என்கிறீர்கள். பெயர்களைக் கீழே சொல்கிறேன். ஆனால் உங்கள் கேள்விக்குள் வேறொரு கேள்வி இருக்கிறது: கண்ணுக்குத் தெரிந்த சொல் காதுக்கு ஏன் தெரியவில்லை? அதைச் சரிசெய்யாமல் இன்னும் நான்கு புத்தகம் வாங்கினாலும் நிலைமை மாறாது. பிரெஞ்சு சொல்லிக்கொடுப்பது என் தொழில். தாமாகப் படித்துவிட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் இதே இடத்தில்தான் நின்றுபோயிருப்பார்கள்.

பிரெஞ்சில் எழுத்து ஒரு வழி போகும், பேச்சு ஒரு வழி போகும். பேசுதல் என்று பொருள்படும் 'பார்லே' என்ற வினையை எடுத்துக்கொள்ளுங்கள். நான், நீ, அவன், நாம், நீங்கள், அவர்கள் ஆகிய 6 இடங்களுக்கும் நிகழ்காலத்தில் எழுத்து வடிவங்கள் 5. காதில் விழுவது 3 மட்டுமே: 'பார்ல்', 'பார்லோன்', 'பார்லே'. அன்றாடப் பேச்சில் 'நாம்' என்பதற்கான 'நூ' அரிதாகவே வரும். அதற்குப் பதில் 'ஓன்' என்று சொல்லி முதல் வடிவத்தையே சேர்த்துவிடுவார்கள். அதனால் மிஞ்சுவது 2 ஒலிகள். எழுத்தைப் பார்த்து 5 வடிவங்களை மனப்பாடம் செய்தவர் காதில் 5 ஒலிகளை எதிர்பார்த்துக் காத்திருப்பார். அவை வரவே வராது.

இதோடு நிற்பதில்லை. 'எனக்குத் தெரியாது' என்பதற்குப் பாடநூல் தருவது 'ஜ ந ஸே பா'. வாயில் வருவது 'ஷே பா'. 'நான் இருக்கிறேன்' என்பதற்கான 'ஜ ஸ்வீ' குறுகி 'ஷ்வீ' ஆகும். 'இல்லை' என்று சொல்லும் 'இல் நியா பா', வெறும் 'யா பா' ஆகும். 'ஏனென்றால்' என்ற 'பார்ஸ் க', 'பஸ்க' ஆகும். படிக்காதவர்களின் கொச்சை என்று இதை நினைக்க வேண்டாம். பேராசிரியரும் வீட்டில் இப்படித்தான் பேசுவார். தமிழருக்கு இது எளிதில் புரிய வேண்டும். 'வந்துகொண்டிருக்கிறேன்' என்று எழுதிவிட்டு 'வந்துட்ருக்கேன்' என்று பேசுகிறவர்கள் நாம். பாடநூல் தமிழ் மட்டும் கற்ற வெளிநாட்டவர் கோயம்பேடு பேருந்து நிலையத்தில் எப்படி விழிப்பாரோ, அப்படித்தான் நீங்கள் அந்தப் படத்தின் முன் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

ஆகவே முதல் விதி: ஒலிப்பதிவு இல்லாத பாடத்தைப் படிக்காதீர்கள், எழுத்துப் பிரதி இல்லாத ஒலிப்பதிவை வைத்துப் பயிற்சி செய்யாதீர்கள். முதல் ஓராண்டுக்காவது இரண்டும் கைகோத்தே வர வேண்டும்.

ஒலியைச் சரிசெய்ய 3 வாரம் ஒதுக்குங்கள். ஓராண்டு படித்திருந்தாலும் ஒதுக்குங்கள். தமிழ் வாய்க்கு இங்கே சில சாதகங்கள் உண்டு, ஆங்கிலம் வழியாகப் போகிறவர்கள் அவற்றை வாசலிலேயே விட்டுவிடுகிறார்கள். ஆங்கில 'டி'யைப் போல நாக்கு மேலே போக வேண்டியதில்லை. பிரெஞ்சு 'த' நம் 'த'வைப் போலப் பல்லில் பிறக்கிறது. மேசை 'தாப்ல்', 'டாப்ல்' அல்ல. ப, த, க மூன்றிலும் காற்று வெடித்து வெளியேறக் கூடாது. அதுவும் நமக்கு இயல்பு.

பெரிய சாதகம் மூக்கொலி உயிர்கள். ஆங்கிலேயர்கள் மாதக்கணக்கில் திணறும் இடம் இது. 'போறேன், போறான், போறோம்' என்று தமிழ்நாட்டுப் பேச்சுவழக்கில் வேகமாகச் சொல்லிப் பாருங்கள். கடைசியில் நாக்கு மேலண்ணத்தைத் தொடுவதில்லை, உதடும் மூடுவதில்லை. உயிரொலி மூக்கு வழியாக வந்து அப்படியே நின்றுவிடுகிறது. பாரிஸ் பேச்சில் இன்று வழங்கும் மூன்று மூக்கொலிகளுக்கும் இந்த மூன்று முடிவுகளும் அண்டை வீடுகள். 'போறேன்' முடிவை இன்னும் கொஞ்சம் வாய் திறந்து சொன்னால் 'வேன்' (திராட்சை மது). 'போறான்' முடிவு 'வான்' (காற்று). 'போறோம்' முடிவு 'போன்' (நல்ல). அடுத்து உயிரெழுத்து வந்தால் நடப்பதும் ஒத்துப்போகிறது. 'போறேன்' கேள்வியாகி 'போறேனா' ஆகும்போது மறைந்திருந்த 'ன' தலைகாட்டுகிறது அல்லவா? அதேபோல் 'மோன்' (என்) என்பதற்குப் பின் 'அமி' (நண்பர்) வந்தால் 'மோனமி' என்று 'ன' ஒலிக்கும். வட்டாரத்துக்கு வட்டாரம் இந்த முடிவுகள் சற்று மாறும் என்பதால் இதைத் தொடக்கப்புள்ளியாக மட்டும் வையுங்கள். இறுதி அளவுகோல் ஒலிப்பதிவுதான்.

இனி சறுக்குமிடங்கள். முதலாவது, உதட்டைக் குவித்த 'ஈ'. 'ஈ' என்று இழுத்துக்கொண்டே, நாக்கை அசைக்காமல், உதட்டை மட்டும் 'ஊ'வுக்குக் குவியுங்கள். வருகிற ஒலிதான் அது. 'ஏ' சொல்லிக்கொண்டே உதட்டை 'ஓ'வுக்குக் குவித்தால் இன்னொன்று கிடைக்கும். 'மேலே' என்பதற்கும் 'கீழே' என்பதற்கும் உரிய பிரெஞ்சுச் சொற்களில் வேறுபடுவது இந்த 'ஈ-ஊ' ஒலியும் சாதாரண 'ஊ'வும் மட்டும்தான். தமிழ் எழுத்தில் இரண்டையும் 'தஸு' என்றுதான் எழுத வரும். உச்சரிப்பைத் தமிழில் குறித்துவைத்துப் படிக்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான். இங்கே நான் எழுதிக்காட்டுவது அடையாளத்துக்கு, பயிற்சிக்கு அல்ல. இரண்டாவது, நம் எழுத்தில் இல்லாத அதிரும் 'ஸ', அதாவது ஆங்கில 'ஜூ' என்ற மிருகக்காட்சிசாலைச் சொல்லின் முதல் ஒலி. மீனுக்கும் நஞ்சுக்கும் பிரெஞ்சில் இது ஒன்றே வித்தியாசம். உணவகத்தில் முக்கியமான வித்தியாசம்தான். மூன்றாவது, சொல் இறுதியில் நாம் ஒட்டும் 'உ'. 'பஸ்' 'பஸ்ஸு' ஆவதுபோல் இங்கும் ஆகிவிடும். பிரெஞ்சில் சொல் இறுதி மெய் ஒலிக்கிறதா இல்லையா என்பதே பல இடங்களில் ஆண்பால் பெண்பாலைப் பிரிக்கிறது. 'ப்தி' என்றால் சிறியவன், 'ப்தித்' என்றால் சிறியவள். அதனால் மெய்யைச் சொல்லி அங்கேயே நிறுத்தப் பழக வேண்டும். தொண்டையில் உரசும் 'ர'வைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள். அது வர நாளாகும், வராவிட்டாலும் உங்களைப் புரிந்துகொள்வார்கள். அந்த 'ஈ-ஊ'வைத் தவறவிட்டால்தான் புரியாது.

எழுத்திலிருந்து ஒலிக்குப் போகும் விதிகள் பிரெஞ்சில் ஒழுங்கானவை. ஆங்கிலத்தைவிட எவ்வளவோ ஒழுங்கு. சொல் இறுதி மெய் பொதுவாக ஒலிக்காது. சி, ஆர், எஃப், எல் ஆகிய நான்கும் பெரும்பாலும் ஒலிக்கும். 'பார்லே' போன்ற வினைகளின் இறுதி ஆர் மட்டும் ஒலிக்காது. இப்படிப்பட்ட விதிகளை இரண்டு மூன்று பக்கத்தில் அடக்கிவிடலாம். எதிர்த்திசை, அதாவது ஒலியைக் கேட்டு எழுத்தைக் கண்டுபிடிப்பது, அங்கேதான் வேலை அதிகம்.

பாடநூலுக்கு வருகிறேன். தனியாகப் படிப்பவருக்கு நான் முதலில் சொல்வது அஸ்ஸிமில். 1929 முதல் இருக்கும் பிரெஞ்சுப் பதிப்பகம். தமிழ் வழியில் இல்லை, ஆங்கில வழிப் பதிப்பை வாங்க வேண்டும். இடப்பக்கம் பிரெஞ்சு உரையாடல், வலப்பக்கம் மொழிபெயர்ப்பு, கீழே குறிப்புகள், கூடவே ஒலிப்பதிவு. நாளொன்றுக்கு ஒரு பாடம், அரை மணி நேரம். ஏழாவது பாடம்தோறும் திரும்பிப் பார்த்தல். 50-ஆவது பாடம் வரை கேட்டுப் புரிந்துகொண்டு திருப்பிச் சொன்னால் போதும். அதன் பிறகு, புதிய பாடத்தோடு கூடவே முதல் பாடத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, மொழிபெயர்ப்பைப் பார்த்துப் பிரெஞ்சைச் சொல்ல வேண்டும். இந்த இரண்டாம் சுற்றைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். அதை விட்டால் கையில் மிஞ்சுவது ஒரு நல்ல கதைப்புத்தகம்தான், பேச்சு வராது. இந்நூலின் குறை, தொடக்கப் பாடங்களை மிக மெதுவாகப் பேசிப் பதிவுசெய்திருப்பது. நீங்கள் ஓராண்டு படித்தவர் என்பதால் முதல் 20 பாடங்களை வாரத்துக்குப் பத்தாக ஓட்டிவிடலாம்.

காசு செலவழிக்க விருப்பமில்லை என்றால் அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனமான எஃப்.எஸ்.ஐ. 1960-களில் தயாரித்த அடிப்படைப் பிரெஞ்சுப் பாடம் இணையத்தில் இலவசம். 24 அலகுகள். ஒரு வாக்கியத்தைக் கொடுத்து எதிர்மறையாக்கு, கேள்வியாக்கு, ஆளை மாற்று என்று விடாமல் துரத்தும் வாய்ப்பயிற்சி. வாய் பழகுவதற்கு இதைப்போல் வேறில்லை, அலுப்பிலும் இதைப்போல் வேறில்லை. ஒலிப்பதிவில் பழைய டேப்பின் இரைச்சல் இருக்கும், உரையாடல் எல்லாம் தூதரக மரியாதையில் நடக்கும். படமாகவே பாடம் வேண்டுமானால் 'ஃப்ரெஞ்ச் இன் ஆக்‌ஷன்'. யேல் பல்கலைக்கழகத்தின் பியேர் காப்ரெட்ஸ் உருவாக்கி 1987-இல் வந்தது, அரை மணி நேரத்தில் 52 பகுதிகள், முழுக்க முழுக்கப் பிரெஞ்சில். பாரிஸ் பழையது, பணம் ஃபிராங்க். மொழி பழையதாகவில்லை. ஆனால் பயிற்சிப் புத்தகம் இல்லாமல் வீடியோ மட்டும் பார்த்தால் பாதிப் பலன்தான். இலக்கணத்துக்கு 'கிராமேர் ப்ரோக்ரெஸீவ்' வரிசையில் தொடக்கநிலைப் புத்தகம் ஒன்று போதும். இடப்பக்கம் விளக்கம், வலப்பக்கம் பயிற்சி. விடைப்புத்தகத்தைச் சேர்த்து வாங்குங்கள், தனியாகப் படிக்கிறவருக்கு அது இல்லாமல் பயனில்லை. வகுப்பறைக்கென்று எழுதிய வண்ணப் பாடநூல்களை வாங்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் கேளுங்கள் என்று பாதிப் பயிற்சி இருக்கும். பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?

மேலே சொன்ன மூன்றில் ஒன்றை மட்டும் எடுத்து முடியுங்கள். மூன்றையும் பாதி பாதி படிப்பதுதான் சுயமாகக் கற்பவர்களின் நிரந்தர நோய். ஆப் இருக்கட்டும், பேருந்தில் போகும்போது பாருங்கள். திரையில் இருக்கும் நான்கு சொற்களில் ஒன்றைத் தொடுவதற்கு அடையாளம் தெரிந்தால் போதும். அந்தத் திறமையை வைத்துப் பேச்சைக் கேட்டுப் பிரிக்க முடியாது.

உங்கள் குறைக்கு நேரடி மருந்து டிக்தே, அதாவது கேட்டெழுதுதல். பிரெஞ்சுப் பள்ளிப் பிள்ளைகளை இன்றும் அழவைப்பது. உங்களுக்கு வேறு காரணத்துக்காகத் தேவை. ஆர்.எஃப்.ஐ. வானொலி எளிய பிரெஞ்சில் 10 நிமிடச் செய்தித் தொகுப்பை எழுத்துப் பிரதியோடு இலவசமாகத் தருகிறது. அதில் ஒரு நிமிடம் மட்டும் எடுங்கள். முதலில் நிறுத்தாமல் இரண்டு முறை கேளுங்கள். பிறகு 4, 5 நொடிக்கு ஒருமுறை நிறுத்தி, கேட்டதைக் கையால் எழுதுங்கள். ஒரு துண்டை 5 முறைக்கு மேல் கேட்க வேண்டாம், பிடிபடாவிட்டால் கோடு போட்டுவிட்டு நகருங்கள். பிறகு பிரதியோடு ஒப்பிட்டு, பிழைகளை மூன்று நிறத்தில் குறியுங்கள். சொல்லே தெரியாதது ஒரு நிறம். சொல் தெரியும், ஆனால் காதில் அடையாளம் தெரியவில்லை, இது இரண்டாம் நிறம். சரியாகக் கேட்டு, ஒலிக்காத எழுத்தை விட்டது மூன்றாம் நிறம். உங்கள் தாளில் இரண்டாம் நிறம்தான் நிறைந்திருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். காரணம் பெரும்பாலும் ஒட்டிப்பேசுதல். 'லே' என்ற சுட்டும் 'அமி' என்ற நண்பரும் சேர்ந்து 'லெஸமி' ஆகும்போது, 'ஸமி' என்று ஒரு சொல் இருப்பதாகக் காது தேடும். அப்படிப்பட்ட துண்டுகளை மட்டும் பத்துப் பத்து முறை ஒலிப்பதிவோடு சேர்ந்தே வாயால் சொல்லுங்கள். தினம் ஒரு நிமிட ஒலிக்கு இந்த வேலை 15, 20 நிமிடம் பிடிக்கும். 6 வாரம் செய்தால் இரண்டாம் நிறம் குறைவது தாளிலேயே தெரியும். மூன்றாம் நிறப் பிழைகளுக்கு இலக்கணப் புத்தகம். முதல் நிறத்துக்குக் காலம்தான்.

சொற்களைச் சேர்க்க, அட்டைகளைக் காட்டித் திருப்பிப் படிக்கவைக்கும் ஆன்கி போன்ற ஆப் நல்லது. ஆனால் அட்டையின் முன்பக்கம் எழுத்து இருக்கக் கூடாது, ஒலி இருக்க வேண்டும். பின்பக்கம் எழுத்தும் பொருளும். தனிச்சொல் வேண்டாம், நீங்கள் கேட்டெழுதிய வாக்கியத்தையே போடுங்கள். நாளுக்குப் புதிதாக 10 போதும். 30 போட்டால் மூன்றாம் வாரம் திருப்புதல் குவிந்து முழுவதையும் கைவிடுவீர்கள்.

பெயர்ச்சொல்லைப் பாலோடு சேர்த்துத்தான் மனத்தில் ஏற்ற வேண்டும். ஆண்பாலுக்கு 'ல', பெண்பாலுக்கு 'லா' என்று பாடநூல்கள் தரும். உயிரெழுத்தில் தொடங்கும் சொல் முன் இரண்டும் 'ல்' என்று குறுகிப் பால் மறைந்துவிடும். அதனால் 'ஒரு' என்று பொருள்படும் 'அன்', 'யூன்' சேர்த்துப் படியுங்கள். 'லெகோல்' என்றால் பள்ளி என்ன பால் என்று தெரியாது, 'யூனெகோல்' என்றால் தெரியும். முடிவுகளும் கைகொடுக்கும். 'சியோன்' என்று முடிபவை பெண்பால். 'மான்' என்று முடியும் செயற்பெயர்கள் ஆண்பால். 'ஆஜ்' பெரும்பாலும் ஆண்பால், ஆனால் பக்கம், கடற்கரை, படம் மூன்றும் விலக்கு. செயப்படுபொருளாக வரும் 'அவனை', 'அவளை' என்ற சுட்டு வினைக்கு முன்னால் வருவதைக் கண்டு ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் தடுமாறுவார்கள். நீங்கள் தமிழில் யோசியுங்கள். 'நான் அவனைப் பார்க்கிறேன்' என்பதே 'ஜ ல வ்வா' என்ற வரிசைதான்.

எண்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 75 என்பது அறுபதும் பதினைந்தும், 95 என்பது நாலிருபதும் பதினைந்தும். பிரான்ஸில் 10 இலக்கத் தொலைபேசி எண்ணை இரண்டிரண்டாகச் சொல்வார்கள். 'சுவாசாந்த்' (அறுபது) காதில் விழுந்ததும் கை 6 எழுதிவிடும். அடுத்து 'கேன்ஸ்' (பதினைந்து) வந்தால் அது 75, எழுதிய 6 தப்பு. கை காத்திருக்கப் பழக வேண்டும். போனில் பிரெஞ்சு வாசிப்புக் குரலை இயக்கி, ஏதாவது பத்து எண்களை அதற்குக் கொடுத்து, வாரம் இரண்டு நாள் கேட்டெழுதுங்கள். பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் 70-க்கும் 90-க்கும் நேரான தனிச்சொற்கள் உண்டு. பிரான்ஸ்காரர்கள் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள், நியாயம் அவர்கள் பக்கம் இல்லை.

படங்கள். முதலில், பிரெஞ்சில் டப் செய்த அமெரிக்கத் தொடருக்குப் பிரெஞ்சு சப்டைட்டில் போட்டு ஒப்பிட முயலாதீர்கள். டப்பிங் வசனத்தை ஒருவர் எழுதுகிறார், உதட்டசைவுக்கு ஏற்ப. சப்டைட்டிலை இன்னொருவர் எழுதுகிறார், படிக்கும் வேகத்துக்கு ஏற்ப. இரண்டும் ஒத்துப்போகாது, உங்கள் காதில்தான் குறை என்று நினைத்துக்கொள்வீர்கள். பிரெஞ்சிலேயே எடுத்த படத்தில், காது கேளாதோருக்கான பிரெஞ்சு சப்டைட்டில் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். அது பேச்சுக்கு நெருக்கமாக இருக்கும். டப் செய்தவற்றைச் சப்டைட்டில் இல்லாமல் பார்ப்பதில் தவறில்லை. ஸ்டுடியோக் குரல் தெளிவாக இருப்பதால் அசல் படங்களைவிட எளிதில் புரியும். அதைவிட எளிது, ஒரே குரல் பின்னணியில் விளக்கும் ஆவணப்படம். ஆர்தே தொலைக்காட்சியின் தளத்தில் நிறைய உண்டு, சில மட்டும் நம் நாட்டில் திறக்காது.

கதைப்படங்களில் எரிக் ரோமேர் படங்கள் கற்பவருக்கென்றே செய்தவைபோல இருக்கும். இரண்டு மூன்று பேர் கடற்கரையிலோ அறையிலோ இருந்து தெளிவாகப் பேசிக்கொண்டே இருப்பார்கள், பின்னணி இசை அநேகமாக இல்லை. கதை நகரவில்லை என்று சிலருக்கு எரிச்சல் வரும், அது வேறு. 1995-இல் வந்த மாத்தியூ காசோவித்ஸின் 'லா எய்ன்' நல்ல படம், ஆனால் அதில் தொடங்க வேண்டாம். புறநகர் இளைஞர்கள் அசைகளைத் திருப்பிப்போட்டுப் பேசும் 'வெர்லான்' நிறைந்தது. 'ஃபாம்' (பெண்) அங்கே 'மெஃப்', 'ஃபூ' (பைத்தியம்) அங்கே 'ஊஃப்'.

பார்க்கும் முறை இது. முழுப் படத்தையும் ஆங்கில சப்டைட்டிலோடு ஒருமுறை ரசித்துப் பார்த்துவிடுங்கள். அதில் இருவர் பேசும் 3 நிமிடக் காட்சி ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். சப்டைட்டில் இல்லாமல் 3 முறை. பிறகு பிரெஞ்சு சப்டைட்டிலோடு வரிவரியாக நிறுத்தி, எழுத்தில் இருந்தும் காதில் விழாத எழுத்துகளைக் குறியுங்கள். 'ந' காணாமல் போனது, 'ஜ' 'ஷ' ஆனது, இப்படி. பிறகு பாத்திரத்தோடு சேர்ந்து அதே வேகத்தில் பேசுங்கள். ஒரு வாரம் கழித்து, எழுத்தில்லாமல் மீண்டும் பாருங்கள். வேகத்தை முக்காலாகக் குறைப்பது முதல்முறை பிடிபட உதவும். ஆனால் விழுங்கிய ஒலி வேகம் குறைந்தாலும் திரும்பி வராது, அதனால் மெதுவாக்கிய ஒலியோடு நின்றுவிடாதீர்கள். மாதம் இரண்டு காட்சிகளை இப்படிக் கரைத்துக் குடித்தால் போதும். வாரம் 4 படம் ஓடவிட்டுச் சமையல் செய்வதைவிட அது மேல்.

படிக்கும் புத்தகங்களில் எல்லோரும் முதலில் சொல்வது 'குட்டி இளவரசன்'. எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. அதில் பேச்சில் வராத, எழுத்துக்கே உரிய 'பாஸே சேம்ப்ல்' என்ற இறந்தகால வடிவம் வருகிறது. அதை அடையாளம் காணத் தெரிந்தால் போதும், எழுதவோ பேசவோ வேண்டாம். காமுவின் 'அந்நியன்' (1942) பெரும்பாலும் பேச்சுவழக்கின் இறந்தகாலத்திலேயே குறுகிய வாக்கியங்களில் எழுதப்பட்டது. பொருள் கனமானாலும் மொழி இலகு. இந்த இரண்டுக்கும் பிரெஞ்சிலிருந்து நேராகச் செய்த தமிழ் மொழிபெயர்ப்பு க்ரியா பதிப்பில் உண்டு. 'அந்நியன்' வெ. ஸ்ரீராம் செய்தது, 'குட்டி இளவரசன்' அவரும் ச. மதனகல்யாணியும் சேர்ந்து செய்தது. ஒரு பக்கம் பிரெஞ்சு, அதே பக்கம் தமிழ் என்று படிக்கும் வசதி ஆங்கிலம் வழியாகப் போனால் கிடைக்காத ருசி. அதற்கும் முன்னால் காமிக்ஸ். பலூனுக்குள் இருப்பது பேச்சு, படம் பாதிப் பொருளைச் சொல்லிவிடும். லயன், முத்து காமிக்ஸில் தமிழில் படித்த லக்கி லூக்கை மூலத்தில் எடுங்கள், கதை ஏற்கெனவே தெரியும். ஒரு பக்கத்தில் தெரியாத சொல் ஐந்தாறுக்கு மேல் போனால் அந்தப் புத்தகத்துக்கு இன்னும் நேரம் வரவில்லை என்று மூடிவையுங்கள். டின்டினில் கேப்டன் ஹாடாக்கின் வசைச்சொற்களை மட்டும் அகராதியில் தேடாதீர்கள், பிரெஞ்சுக்காரர்களுக்கே அவற்றில் பாதி தெரியாது.

எது உறுதி, எது உறுதியில்லை என்றும் கேட்டிருந்தீர்கள். எழுத்தும் ஒலியும் சேர்ந்த, ஓரளவு புரிகிற பகுதியைத் திரும்பத் திரும்பக் கேட்டால் காது திறக்கும். இது உறுதி. மொத்த மணி நேரம்தான் கணக்கு, மாதங்கள் அல்ல. இதுவும் உறுதி. ஆங்கிலம் பேசும் தன் அதிகாரிகளைத் தொழில்முறையில் பேசும் அளவுக்குக் கொண்டுவர எஃப்.எஸ்.ஐ. பிரெஞ்சுக்கு வைத்திருக்கும் கணக்கு 30 வாரம், ஏறத்தாழ 700 வகுப்பு மணி. வகுப்பறைக் கணக்கில் பி1 எனப்படும் இடைநிலை மட்டத்துக்கு 350 முதல் 400 மணி என்பது வழக்கம். நாளுக்கு 45 நிமிடம், வாரம் 6 நாள் என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 235 மணி. ஆகவே பி1 என்பது உங்கள் நேரத்தில் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு வேலை. மூன்று மாதத்தில் சரளம் என்று விற்பவர்களை நம்ப வேண்டாம். உறுதியில்லாதவை: இலக்கணத்தை முதலிலேயே படிப்பதா, கேட்டுப் பழகிய பின்பா என்பதில் ஆசிரியர்களிடையே ஒருமித்த கருத்தில்லை. பிரெஞ்சு சப்டைட்டில் காதுக்கு உதவுகிறதா, கண் காதின் வேலையைப் பிடுங்கிக்கொள்கிறதா என்பது ஆளைப் பொறுத்தது. சப்டைட்டில் இல்லாமல் முதலில் கேட்கச் சொன்னது அந்தச் சந்தேகத்தால்தான். புரியாத ஒலியைப் பின்னணியில் ஓடவிடுவதால் தாளம் கொஞ்சம் பழகலாம், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

தனியாகச் செய்ய முடியாதது ஒன்று உண்டு. காது பிரிக்காத ஒலியை வாய் தப்பாகச் சொல்கிறது என்பது உங்களுக்கே கேட்காது. போனில் குரல்வழித் தட்டச்சைப் பிரெஞ்சுக்கு மாற்றி, தெருவுக்கான 'ரூ'வையும் சக்கரத்துக்கான 'ரூ'வையும் தனித்தனியாகச் சொல்லிப் பாருங்கள். முன்னதில்தான் அந்த 'ஈ-ஊ'. தெரு சொன்னால் சக்கரம் என்று விழுந்தால் உதடு இன்னும் குவியவில்லை. முழு வாக்கியத்தில் இந்தச் சோதனை செல்லாது, அது சூழலை வைத்து ஊகித்துத் திருத்திவிடும். அதற்குப் பிறகும், மூன்றாம் மாதத்திலிருந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை அரை மணி நேரம் ஓர் ஆசிரியர் தேவை. பாடம் நடத்த அல்ல, திருத்த மட்டும். இணையத்தில் கிடைப்பார்கள். சென்னையிலும் புதுச்சேரியிலும் பிரெஞ்சு கற்பிக்கும் அல்லியான்ஸ் ஃப்ரான்சேஸ் இருக்கிறது. முதல் சந்திப்பிலேயே 'உச்சரிப்பையும் பால் பிழைகளையும் மட்டும் நிறுத்தித் திருத்துங்கள்' என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் மரியாதைக்குப் பாதிப் பிழையை விட்டுவிடுவார்கள்.

எதற்காகப் படிக்கிறீர்கள் என்று எழுதவில்லை. நிலை தெரிந்துகொள்ள மட்டும் என்றால், பிரெஞ்சு அரசின் மொழிச் சான்றிதழான டெல்ஃப் தேர்வு. கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் நான்குக்கும் தலா 25, மொத்தம் 50 எடுத்தால் தேர்ச்சி, ஆனால் எதிலும் 5-க்குக் கீழே போகக் கூடாது. சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும். கனடாவில் (கியூபெக் மாகாணம் நீங்கலாக) நிரந்தரமாகக் குடியேற விண்ணப்பிப்பது என்றால் டெல்ஃப் பயன்படாது. டெஃப் கனடா அல்லது டிசிஎஃப் கனடா எழுத வேண்டும், அவற்றின் மதிப்பெண் 2 ஆண்டுக்குத்தான் செல்லும். அதனால் விண்ணப்பிக்கும் காலம் நெருங்கும்வரை பணம் கட்டாதீர்கள்.